உடைகிற கணக்கும் உடையாத கணக்கும்

சிட்டு,

இன்று காலை புளி மூட்டை வந்து இறங்கியது. கூலிக்கு உடைத்துக் கொடுக்கச் சொல்லி ராயக்கோட்டை மண்டி அனுப்புகிற வண்டிதான். வண்டிக்காரர் மூட்டையை வாசலில் உருட்டிவிட்டு, "இந்த வருசம் நல்ல சதைப்பத்தும்மா, கொட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிப் போனார். சாக்கின் தையலைப் பிரித்தேன். அந்த வாசனை எழுந்து முகத்தில் அடித்தது. சாக்கின் வாயைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புளி வாசனை வந்தால் மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்குப் பரீட்சை ஞாபகம் வருகிறது.

உள்ளே இருந்து உன் அம்மா, "வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு அத்தை."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது."

வாசனை அவருக்கும் போயிருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியம் வரை உடைத்தேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது. கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டித்தான் எழுத வருகிறது. தப்பு இருந்தால் சிரித்துக்கொள். எனக்குக் கேட்கப் போவதில்லை.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது நீ ஓசூரில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். கேட்டைத் திறந்து மூடுகிற மனுசன், தன் மகள் அந்தக் கேட்டுக்குள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் போன பிறகு உன்னையும் அத்தையையும் உத்தனப்பள்ளிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். உன் அண்ணனுக்குப் பெங்களூரில் ஃபேக்டரி வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாம் மூன்று பொம்பளைகள்தான்.

நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாய். எல்லாவற்றிலும் பாஸ், கணக்கில் மட்டும் போய்விட்டது. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பே அதிகம் என்றார்கள். உன் அம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதிகூட. ஜவளகிரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மர வியாபாரம் செய்கிறவர். பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள், இரண்டு சின்னப் பிள்ளைகள். வயது உன்னைவிட நிறைய. ஆனால் குடியில்லை, அடிதடியில்லை, சொந்த வீடு.

நீ அன்றைக்கு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாய். அழவில்லை. "அண்ணி, நான் இன்னொரு தடவை எழுதறேன். பாஸ் ஆனா வாத்தியார் டிரெயினிங் கிடைக்கும். அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாய்.

சொன்னேன். உன் அண்ணன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "பிரைவேட்டா எழுதட்டும். ஆனா இது ஒண்ணுதான். இந்தத் தடவையும் போச்சுன்னா ஜவளகிரிக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் யாரும் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார்.

உன் அம்மா சட்டென்று, "கேட்டுக்கோ. சாட்சிக்கு உங்க அண்ணி நிக்கிறா" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வருசமும் இதே மாதிரி மாசியில் புளி வந்தது. நான் கல்லை முன்னால் போட்டுக்கொண்டு உடைப்பேன். நீ எதிரே சாக்கின் மேல் உட்கார்ந்து மடியில் சிலேட்டை வைத்திருப்பாய். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று எல்லாம் சிலேட்டில்தான் போட்டாய். முதல் நாள் எட்டிப் பார்த்தேன். சிலேட்டு முழுக்க பெருக்கல் குறி மாதிரி, குச்சியைக் குறுக்கே வைத்த மாதிரி. மூன்றாம் வகுப்பில் என் டீச்சர் தப்புக்கு அப்படித்தான் போடுவார்.

"ஏன் கண்ணு, இவ்வளவும் தப்பா?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரித்த சிரிப்பில் சிலேட்டே மடியிலிருந்து நழுவிவிட்டது. "அது தப்பு இல்ல அண்ணி. அது எக்ஸ். ஒரு எழுத்து."

"கணக்குல எழுத்துக்கு என்னா வேலை?"

"நம்பர் என்னான்னு தெரியாதப்போ அந்த இடத்துல அது உட்கார்ந்துக்கும்."

"அப்போ ஆள் வர்ற வரைக்கும் எடம் புடிச்சு வெக்கற வேலைக்காரன்னு சொல்லு."

"ஆமா, வேலைக்காரன்தான்" என்று மறுபடி சிரித்தாய்.

கணக்கில் உன்னைக் கவிழ்த்தது எது என்று நீயே பிறகு சொன்னாய். காரணிப்படுத்துவது என்று பேர். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக உடைப்பது, துண்டுகளைப் பெருக்கினால் மறுபடி அதே கணக்கு வர வேண்டும். உடைக்க உனக்குத் தெரியும். ஆனால் பாதியில் நிறுத்திவிடுவாய். கேள்வியில் முழுமையாகக் காரணிப்படுத்துக என்று இருக்கும். நீ ஒரு தடவை உடைந்ததும் சந்தோசத்தில் கோடு இழுத்து அடுத்த கணக்குக்குப் போய்விடுவாய். பள்ளிக்கூடத்தில் உன் வாத்தியார் பாதி மார்க்கை வெட்டுவாராம். பெரிய பரீட்சையிலும் அப்படித்தான் போயிருக்கும் என்றாய்.

ஒரு கணக்கு இன்னமும் எனக்கு மனப்பாடம். மூணு எக்ஸ், தலையில் நாலு. கழித்தல் நாற்பத்தெட்டு. தினமும் அதில்தான் ஆரம்பிப்பாய், கை பழக. இரண்டிலும் பொதுவாக மூன்று இருக்கிறது என்று அதை முதலில் வெளியே எடுத்து வைப்பாய். உள்ளே எக்ஸ் தலையில் நாலு, கழித்தல் பதினாறு. அது இரண்டாக உடையும். எக்ஸ் தலையில் இரண்டு, கூட்டல் நாலு. எக்ஸ் தலையில் இரண்டு, கழித்தல் நாலு. அங்கே கோடு போட்டுவிடுவாய். கழித்தல் இருக்கிற துண்டு இன்னும் ஒரு தடவை உடையும் என்பது உன் கண்ணுக்குப் படவே படாது. எனக்கு இதில் ஒன்றும் புரியாது, சிட்டு. நீ வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் மண்டியில் நம் புளி திரும்பி வந்தது, ஞாபகம் இருக்கிறதா. நீதான் என்னோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மண்டிக் கணக்குப்பிள்ளை கன்னடக்காரர். எடை போடுவதற்கு முன்னால் ஒரு உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தார். விரலில் ஒரு கொட்டை தட்டுப்பட்டது. "பீஜ இதே, பீஜ இதே" என்று உருண்டையைக் கூடையில் போட்டுவிட்டார். ஒரு கொட்டை இருந்தாலும் கூடை முழுக்கத் திரும்பும், அங்கே அதுதான் வழக்கம். ஓட்டை உடைக்கணும், நாரை உருவணும், கொட்டையை எடுக்கணும். மூன்றில் எது விட்டாலும் வேலை செய்யாத மாதிரிதான். வெயிலில் கூடையைச் சுமந்து திரும்பி வந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நீ சொன்னாய்.

"எங்க வாத்தியாரும் இந்தக் கணக்குப்பிள்ளையும் அண்ணன் தம்பிங்க போல, அண்ணி."

நான் களைப்பில் சிரிக்கவில்லை. நீ யோசித்துக்கொண்டே இருந்தாய். வீட்டுக்கு வந்து மறுபடி ஒவ்வொரு உருண்டையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் கையையே பார்த்தாய்.

"நீங்க முடிஞ்ச பிறகு அமுக்கிப் பார்க்கறீங்களே, அது எனக்கு வரமாட்டேங்குது. முடிஞ்சுதுன்னு தோணிட்டா என் கண்ணு மூடிக்குது. அண்ணி, நான் கோடு போடறப்பெல்லாம் நீங்க கேக்கறீங்களா?"

"எனக்கு என்னா தெரியும், நான் என்னாத்த கேக்கறது?"

"தெரிய வேணாம். இன்னும் உடையுமான்னு மட்டும் கேளுங்க."

அதுதான் எனக்குக் கிடைத்த வேலை. நீ சிலேட்டில் கோடு கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். தலையைத் தூக்காமலே, "இன்னும் உடையுமா கண்ணு?" என்பேன். நீ பார்ப்பாய். சில நேரம், "ம்ம்... உடையும், உடையும்" என்று அழிப்பாய். சில நேரம், "உடையாது அண்ணி, இவ்வளவுதான்" என்பாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்டேன், அவ்வளவே.

இது வீட்டில் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு வெங்கட்டம்மா புளி தட்ட வந்து உட்காருவாளே, தெலுங்குக்காரி, அவள் வந்ததும் வராததுமாக, "ஏமி சிட்டம்மா, பகிலிந்தா?" என்பாள். உடைந்ததா என்று அர்த்தம். ஒரு நாள் உன் அம்மா அடுப்படியிலிருந்து தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அதை நீ உடைக்க வேண்டும். மூன்று தட்டு தட்டியும் உடையவில்லை. வெங்கட்டம்மா, "மைனஸ் பெட்டி சூடு" என்றாள். மைனஸ் போட்டுப் பாரேன் என்று. இவள் எங்கே கற்றாள் மைனஸை என்று நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன் அம்மாவுக்கு மட்டும் கோபம். "சிரிங்கடி சிரிங்க. பரீட்சையில எழுதறப்போ தெரியும்" என்றார். ஆனால் அவர் உதடும் ஓரத்தில் கோணியது. நான் பார்த்தேன்.

இன்றைக்கு வெங்கட்டம்மா வரவில்லை. சொல்லி அனுப்பினேன். முட்டி வலி என்றாள். எனக்குத் தெரியும், உன் சாக்கு இருந்த இடத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஒரு கணக்கில் நீ ரொம்ப சண்டை போட்டாய். அந்தப் பழைய நாற்பத்தெட்டுக் கணக்குதான். கழித்தல் துண்டு உடைந்துவிட்டது. கூட்டல் நாலு என்று பக்கத்தில் ஒரு துண்டு இருக்கிறதே, அது. நான் வழக்கம்போல உடையுமா என்று கேட்டுவிட்டேன். நீ அதையும் உடைக்கப் பார்த்தாய். மத்தியானம் முழுக்க எழுதினாய், அழித்தாய். பாவாடையெல்லாம் சுண்ணாம்பு மாதிரி பலப்பம். கடைசியில் பலப்பத்தைத் தூக்கி எறிந்தாய், அது போய்ப் புளிக் குவியலில் விழுந்து காணாமல் போனது. மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டே வந்து சொன்னாய்.

"அண்ணி, அது உடையாது. எவ்வளவு போட்டாலும் உடையாது. பொஸ்தகத்துலயே இருக்குது. உடையாதுன்னு தெரிஞ்சு விட்டுடறதும் கணக்குதான்."

நான் அதை அப்போது சும்மா கேட்டுக்கொண்டேன். உருண்டையில் கொட்டையை உடைக்க யாரும் பார்ப்பதில்லையே, எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஜவளகிரிக்காரர் வந்தார். மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். முறைப்படி பெண் பார்க்க வரவில்லை, இந்தப் பக்கம் வந்தேன் என்றார். உட்காரச் சொன்னதும் சாக்கைத் தள்ளிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பெரிய மனுசன், ஆனால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாய். அவர் அதைப் பார்த்தார், திருப்பவில்லை.

"படிக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க. பரீட்சை எழுதப் போவுது."

"நல்லா எழுதட்டும்" என்றார். தேன் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எங்க வூட்டுல இருந்தவளுக்குக் கையெழுத்துப் போட வராது. எனக்கும் மரத்துக் கணக்குத்தான் வரும். புள்ளைங்களாச்சும் படிக்கணும்" என்றார்.

கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போன பிறகு உன் அம்மா தேன் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். நீ உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாய். வெளியே வந்து, "நல்லவர்தான் அண்ணி. அதான் பயமா இருக்குது" என்றாய். எனக்கு அப்போது உன் வயது மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு நீ சாப்பிடுவதுகூட அவசர அவசரமாகத்தான். ஒரு சாயங்காலம் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, "இதுவும் அது மாதிரிதான். எக்ஸ் தலையில நாலு, கூட்டல் நாலு. கூட்டல் வந்தா உடையாது" என்று கோடு போட்டாய்.

நான், "இன்னும் உடையுமா?" என்றேன்.

"உடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"நீதானே கோடு போட்டா கேக்கச் சொன்ன? நான் கேட்டேன்."

"போங்க அண்ணி, உங்களுக்கு வேற வேலை இல்ல."

எனக்கும் சுருக்கென்று இருந்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிருந்தது. முறத்தை எடுத்துப் புடைத்தேன். மறுநாள் நான் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைக்கிறேன், நீ செருப்பில்லாமல் ஓடி வருகிறாய். தெருவே பார்க்கிறது.

"அண்ணி! அது உடையுது!"

"எது?"

"நேத்து நீங்க கேட்டது. கூட்டல் போட்டது. அது உடையுது அண்ணி!"

குடத்தை இறக்கி வைத்தேன். நீ மூச்சு வாங்க வாங்க, ஈர மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினாய். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நீ சொன்ன வார்த்தை பிடிபட்டது. "அதுக்குள்ள இல்லாத ஒண்ணை நாமளே கொண்டாந்து வெக்கணும். வெச்சா உடையற மாதிரி ஒரு வடிவம் வந்துடும். ஆனா வெச்சதைத் திரும்ப எடுத்தும் ஆவணும். எடுக்காம விட்டா கணக்கு தப்பு."

"இல்லாததை வெச்சு, அதையே எடுக்கறதா? இது என்னா கூத்து?"

"கூத்துதான் அண்ணி. ஆனா உடையுது, பாருங்க!"

உன் முகத்தைத்தான் பார்த்தேன். தலைமுடி கலைந்து, நெற்றியில் ஒரு திட்டு பலப்பத்தூள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். "நீங்க கேக்காம இருந்திருந்தா விட்டிருப்பேன்" என்றாய்.

பரீட்சைக்கு கிருஷ்ணகிரிக்கு நான்தான் உன்னோடு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். நான் ஒருத்திதான் பொம்பளை. நீ வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்குக் கேட்கப் பயம். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நீயாகத்தான் சொன்னாய்.

"அந்த நாப்பத்தெட்டு வரல. கூட்டலும் வரல. வேற என்னென்னமோ வந்துச்சு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கோடு போடறப்போ உங்க குரல் கேட்டுச்சு அண்ணி. சத்தியமா. ரெண்டு இடத்துல கோட்டை அழிச்சுட்டு மறுபடி உடைச்சேன்."

அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். ஊர் வரும்வரை நான் அசையவில்லை.

ரிசல்ட்டை உன் அண்ணன் ஓசூரில் போய்ப் பார்த்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "எங்க அவ?" என்றார். குரலில் தெரிந்துவிட்டது. நீ அவர் காலில் விழுந்தாய். அவர் உன்னைத் தூக்காமல் என்னைப் பார்த்து, "ஓவர்டைம் செஞ்சது நீதான், உன்னைக் கும்புடச் சொல்லு" என்றார். உன் அம்மா அந்தத் தேன் பாட்டிலை எடுத்து உன் நாக்கில் ஒரு சொட்டு விட்டார். அதுவரைக்கும் அதைத் திறக்கவே இல்லை. அப்புறம் அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டிரெயினிங் முடித்து ராயக்கோட்டையில் உனக்கு வேலை கிடைத்தது. இன்னொரு டீச்சரோடு ஒரு அறை எடுத்துத் தங்கினாய். ஊருக்கு வரும்போதெல்லாம் கதை சொல்வாய். பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல்தானாம், எக்ஸ் எல்லாம் இல்லையாம். ஆனாலும் கணக்கு முடித்த பிள்ளை சிலேட்டை நீட்டினால், சரியாக இருந்தாலும், "இன்னொரு தடவை பாரு" என்பாயாம். "உங்களை மாதிரியே கேக்கறேன் அண்ணி, தலையைத் தூக்காம" என்று நடித்துக் காட்டினாய். வெள்ளைச் சேலையில் நீலக் கரை. உனக்கு அது எடுப்பாக இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னான். நான் போனபோது நீ பாயில் கிடந்தாய், உதடு வெடித்து. "லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்கன்னு ஸ்கூலுக்குப் போயிட்டேன் அண்ணி" என்றாய். வண்டி வைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். விஷக்காய்ச்சல், அங்கே குடித்த தண்ணீரால் வந்திருக்கும், வயிற்றில் இறங்கிவிட்டது என்றார்கள். உன் அண்ணனுக்கு ஷிப்டில் செய்தி போய், பஸ் பிடித்து அவர் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். என் கை உன் கைக்குள் இருந்தது. புளியில் வெடித்த கை. அதைத் தடவிக்கொண்டே இருந்தாய். பேச்சு வரவில்லை. அவ்வளவுதான் அது. அதைப் பற்றி இன்னும் எழுத என்னால் முடியவில்லை.

ஜவளகிரிக்காரர் வந்திருந்தார். அவர் எப்போதோ வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். தெருவில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் அம்மா என்னிடம் சொன்னார். சத்தம் போடவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "அவர்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் புள்ளைங்களோட இருந்திருப்பா. நீதானே கேட்டுக் கேட்டு பாஸ் பண்ண வெச்ச."

அன்றோடு சரி. திரும்ப அவர் அதைச் சொன்னதில்லை. நான் வைக்கிற கஞ்சியைக் குடிக்கிறார், நான் எண்ணெய் தேய்த்துவிட்டால் காலை நீட்டுகிறார். ஆனால் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெருக்கினாலும் போகவில்லை.

உன் முறையிலேயே அதை உடைத்துப் பார்த்தேன், சிட்டு. புளி உடைக்கிறபோது கைக்குத்தான் வேலை, மனசு சும்மாதானே இருக்கும். பொதுவாக இருப்பதை முதலில் வெளியே எடுக்கணும் என்பாய். அவர் அழுவதிலும் நான் அழுவதிலும் பொதுவாக இருப்பது நீ. உன்னை எடுத்து வெளியே வைத்தேன். அவர் பக்கம் ஒரு கோபம் மிச்சம். அது என்மேல் இல்லை, காய்ச்சல்மேல். காய்ச்சலைப் பிடித்து உலுக்க முடியாது, நான் பக்கத்தில் இருக்கிறேன், என்னை உலுக்குகிறார். அதுவரை உடைந்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

என் பக்கம் இருப்பதுதான் உடையவில்லை. நீ பாஸ் ஆகாமல் இருந்தால் ராயக்கோட்டை இல்லை. ராயக்கோட்டை இல்லையென்றால் அந்த அறை இல்லை, அந்தத் தண்ணீர் இல்லை. ஜவளகிரியில் காய்ச்சல் வராதா என்று உன் அண்ணன் கேட்கிறார். வரும்தான். நான் கேட்டது தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. கிணற்றடியில் நீ ஓடி வந்த முகத்தை நான் பார்த்தேன், அந்த முகத்தை யாரும் என்னிடம் தப்பு என்று சொல்ல முடியாது. அப்படியும், குனிந்து கல்லில் ஒரு காயை வைத்து அடிக்கும்போது, அந்த நினைப்பு கொட்டை மாதிரி விரலில் தட்டுகிறது. எடுத்துப் போடுகிறேன். அடுத்த உருண்டையிலும் இருக்கிறது.

வேலை முடிந்தால் இன்னமும் என் வாய் கேட்கிறது. கூடை நிறைந்தால், அடுப்பை அணைத்தால், துணியை மடித்தால், இன்னும் உடையுமா என்று. உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுவிடக்கூடாது என்று மெதுவாகக் கேட்கிறேன். அந்த மூணு எக்ஸ் கணக்கும் போகவில்லை. படி ஏறும்போது, தண்ணீர் இறைக்கும்போது வருகிறது. மூன்று வெளியே, மிச்சம் உள்ளே. நீ எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான். உன் சிலேட்டை உன் அண்ணன் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டார். என்னத்துக்கு என்று கேட்டேன், சும்மா என்றார்.

உடையாது என்று தெரிந்து விட்டுவிடுவதும் கணக்குதான் என்று ஒரு நாள் சொன்னாய். உடையாது என்று நினைத்தது உடைகிறது என்று இன்னொரு நாள் ஓடி வந்தாய். பார்வைக்கு இரண்டும் கூட்டல்தான். எனக்கு எப்படித் தெரியும், என்னிடம் இருக்கிற இந்த நினைப்பு எந்த ரகம் என்று? அதனால்தான் இன்றைக்கு இந்தக் காகிதத்தை எடுத்தேன். இல்லாததை நாமே கொண்டுவந்து வைக்கணும் என்றாயே. இல்லாத உன்னைக் கொண்டுவந்து இதில் வைத்திருக்கிறேன், சாக்கின் மேல், சிலேட்டோடு, சிரிப்போடு. பொழுது சாய்கிறது. உன் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சணும், உடைத்த புளியை உள்ளே எடுத்து வைக்கணும். வைத்ததை இனி நான் திரும்ப எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பு.

எடுத்துவிட்டால் உடையுமா, சிட்டு?